பனையும் மணலும் பொதுக் காவலும்

மன்னார்த் தீவின் தென்கிழக்கு முனையில் பட்டினமும் வடமேற்கு முனையில் தலைமன்னாரும் அமைந்திருக்க, இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளத்திற்குக் கிடப்பது பெரும்பாலும் மணலே. அத்தீவில் ஓடுகின்ற ஆறு இல்லை. எதிர்க்கரைப் பெருநிலத்துக் கட்டுக்கரைக் குளத்தைப்போல நீரைத் தேக்கிவைக்கும் பெருங்குளமும் இல்லை. ஆண்டொன்றுக்குச் சராசரியாக 1,000 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகப் பெய்கின்ற மழையும் ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடைப்பட்ட காலத்துள் பெரும்பாலும் பெய்து ஓய்ந்துவிட, எஞ்சிய மாதங்களில் வெயிலும் காற்றுமே அம்மணலை ஆளுகின்றன. இருந்தும் பேசாலைக்கும் தலைமன்னாருக்கும் இடைப்பட்ட வெளியில் பனைகள் காடாகவே செறிந்து நிற்கின்றன. குடியிருப்புகளை அடுத்த வளவுகளில் தென்னையும் முருங்கையும் காய்க்கின்றன. கையால் தோண்டப்பட்ட ஆழமில்லாத கிணறுகளில் குடிக்கத் தகுந்த நீர் ஊறுகின்றது.

இந்த அதிசயத்திற்குக் காரணம் யாது என்பது பௌதிகமும் தாவர சாஸ்திரமும் விடைசொல்ல வேண்டிய கேள்வி; இதனைக் காப்பதற்கு யார் பொறுப்பு என்பது சமூகம் விடைசொல்ல வேண்டிய கேள்வி. முதற் கேள்வியின் விடையை நுணுகி ஆராய்வோர்க்கு இரண்டாவதன் விடையும் உடன் கிடைத்துவிடும் என்பதும், இத்தகைய பூமியில் மரங்களின் சுகத்தையும் உணவு விளைவிப்போரின் நலத்தையும் பேணுவதற்கு இலாபத்தை நாடாத கிராமச் சங்கங்களே மிகவும் ஏற்ற சாதனம் என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

மணலுக்கடியில் மிதக்கும் நீர்

மணற்றரையில் விழும் மழைநீரில் வழிந்தோடுவது சிறிதே. பெரும்பகுதி மணலின் இடுக்குகள் வழியே கீழிறங்கிவிடுகிறது. ஆனால் அங்கே நாற்புறத்துச் சமுத்திரத்தின் உவர்நீர் ஏற்கெனவே புகுந்து நிறைந்திருக்கின்றது. உவர்நீர் நன்னீரைக் காட்டிலும் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு கனம் கூடியது. மணற்றுகள்களுக்கிடையே நீர் அசைவது மிக மெதுவாகையால் இரண்டும் எளிதில் கலந்துவிடுவதுமில்லை. ஆகவே மோரின்மேல் வெண்ணெய் மிதப்பதுபோல, தீவின் நன்னீர் உவர்நீரின்மேல், நடுவில் தடித்தும் கரையோரங்களில் மெலிந்தும், வில்லை வடிவாக மிதந்துகொண்டிருக்கின்றது. 1888 ஆம் ஆண்டில் ஒல்லாந்துப் பொறியியலாளரான பாதொன் கைபனும், 1901 இல் ஜெர்மானியரான ஹெர்ட்ஸ்பர்க்கும் கரையோர மணற்பிரதேசங்களின் கிணறுகளை ஆராய்ந்து தனித்தனியே இவ்வுண்மையை எடுத்துரைத்தனர். அவ்விருவர் பெயராலேயே அது இன்றும் வழங்குகின்றது.

அவர்கள் கண்ட விதி கணக்களவில் மிகவும் எளியது. கிணற்று நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நின்றால், அதன் கீழே நன்னீர் ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை நிலைபெறும். இவ்விதியைத் தலைகீழாகப் படித்தால் அதன் கடுமை விளங்கும்: மிகையாக இறைத்து நீர்மட்டத்தை 10 சென்ரிமீட்டர் தாழ்த்தினால், காலப்போக்கில் கீழிருக்கும் உவர்நீரின் எல்லை 4 மீட்டர் அளவுக்கு மேலெழும்ப இடமுண்டு. மெய்யான தீவில் மண்ணடுக்குகளும் மழையின் ஏற்றத்தாழ்வும் கலப்பு வலயமும் இக்கணக்கைச் சற்று மாற்றுமாயினும், அதன் போக்கு மாறாது. ஒருவர் தம் வளவில் பம்பி வைத்து ஓயாமல் இறைத்தால் அடுத்த வேலிக்கு அப்பாலுள்ள கிணறு உவர்க்கக்கூடும். ஏனெனில் வேலி நிலத்தின் மேல் நிற்கின்றதேயன்றி நீருக்குள் இறங்குவதில்லை. மணலே அந்நீரைத் தாங்கும் பாத்திரமுமாகையால், மணலை அகழ்ந்தெடுப்பது பாத்திரத்தையே சிறிதாக்குவதற்கு ஒப்பாகும். தீவின் மணலிலுள்ள இல்மனைற் கனியத்தை அகழும் முயற்சிகளையும், 2020 இல் தென்கரையில் 30 காற்றாலைகளோடு அமைந்த தம்பபவனித் திட்டத்தைத் தொடர்ந்து மேலும் காற்றாலைகள் நிறுவும் ஏற்பாடுகளையும் எதிர்த்து 2025 இல் தீவின் மக்கள் போராட்டம் நடத்தினார்கள். காற்றாலைக்கும் கனிய அகழ்வுக்கும் உரிய வாதங்கள் வெவ்வேறானவை. எனினும் நிலத்தடி நீரும் மழைநீரின் வழியும் என்னவாகும் என்ற அச்சம் அங்கே பலமுறை கேட்டது, மேற்சொன்ன விதியை அறிந்தவர்களுக்கு வியப்பளிக்காது.

ஒரே குருத்து

அந்த வில்லை நீரை நம்பி மணலில் நிற்பதற்கென்றே படைக்கப்பட்டது போன்ற விருக்ஷம் பனை. அதன் வாழ்க்கை பூமிக்குள்ளேயே தொடங்குகின்றது. பனங்கொட்டை முளைக்கும்போது, வித்திலையின் காம்பு கருவைத் தன் நுனியில் தாங்கியவண்ணம் மண்ணைத் துளைத்துக் கீழே இறங்கி, ஈரம் நிலைத்திருக்கும் ஆழத்தில் அதனை வைத்துவிடுகின்றது. கொட்டைக்குள்ளே எஞ்சிய வித்திலையின் பகுதி பஞ்சுபோற் பருத்துப் பூரானாகி, அங்குள்ள கடினமான உணவுச் சேமிப்பை நொதியங்களாற் கரைத்துக் கீழே அனுப்ப, அவ்வுணவு மாப்பொருளாகத் திரண்ட இளமுளையே நாம் தோண்டியெடுத்து அவித்துண்ணும் கிழங்கு. தீயும் வெயிலும் மாட்டின் வாயும் எட்டாத இடத்தில் குழந்தைப் பருவத்தைக் கழிக்கும் உபாயம் இது.

கிழங்கைத் தோண்டாது விட்டால் அது வடலியாகும். வடலிப் பருவம் நீண்டது. பல ஆண்டுகள் ஓலைகள் மட்டும் தரையிலிருந்து விரிந்துகொண்டிருக்க, மரம் வளர்வதாகவே தோன்றாது. மாமரமும் வேம்பும் தம் பட்டைக்கு உட்புறத்தில் மாறிழையம் என்னும் வளரும் படையைக் கொண்டிருப்பதால் ஆண்டுதோறும் பருத்துக்கொண்டே போகின்றன. ஒருவித்திலைத் தாவரமாகிய பனைக்கு அப்படை இல்லை. எதிர்காலத்தில் 20, 30 மீட்டர் உயரத்தைத் தாங்கப்போகும் தண்டின் அகலத்தை அது தொடக்கத்திலேயே, நிலமட்டத்திலும் அதன் கீழும், அமைத்து முடித்தாக வேண்டும். அது முடிந்த பின்னரே மேலெழும்பத் தொடங்கும். வளையங்களை எண்ணிப் பனையின் வயதை அறிய முடியாமைக்கும் இதுவே காரணம். தண்டினுள்ளே இருக்கும் உயிருள்ள கலங்களும் புதுப்பிக்கப்படுவன அல்ல. அடிமரத்தில் இன்று உயிரோடிருக்கும் கலம், மரம் இளமையாயிருந்தபோது தோன்றிய அதே கலம்தான்.

மாறிழையம் இல்லாத குறைக்கு மரம் கொடுக்கும் விலை பெரிது. பட்டினத்தை அடுத்த பள்ளிமுனையில் நிற்கும், அராபிய வர்த்தகர்களால் முன்னொரு காலத்திற் கொண்டுவரப்பட்டதென நம்பப்படும், ஏறத்தாழ 19 மீட்டர் சுற்றளவுள்ள பெருக்கமரத்தைப் பார்த்தவர்கள் இவ்வேறுபாட்டை எளிதில் உணரலாம். ஆபிரிக்காவைத் தாயகமாகவுடைய அம்மரத்தின் பட்டையை உரித்துவிட்டாலும் அது மீண்டும் பட்டையை வளர்த்துக்கொள்ளும் வல்லமை பெற்றது. பனையின் தண்டிலே ஏற்பட்ட காயமோ அவ்வாறு மூடுவதில்லை. கிளைவிடும் வழக்கமும் பனைக்கு மிக அரிது. உச்சியிலே ஓலைகளுக்கு நடுவே மறைந்திருக்கும் ஒரே பிரியிழையம், அதாவது குருத்து, புதிய ஓலைகளையும் பாளைகளையும் தோற்றுவிக்கின்றது. அந்தக் குருத்து அழுகிவிட்டால், வேர் நலமாயிருந்தாலும் தண்டு வைரமாயிருந்தாலும் மரம் பிழைக்காது. ஆகவே பனையின் சுகம் என்று பேசுவதெல்லாம் முடிவில் குருத்தின் சுகத்தைப் பற்றிய பேச்சே.

மணலிற் பிறக்கும் உணவு

குருத்தைக் காப்பதால் மனிதன் பெறும் பயன் யாது என்பதைச் சிறிது எண்ணிப் பார்க்கலாம். பாளையை நசுக்கி நுனியை நாள்தோறும் மெல்லிய சீவலாகச் சீவும்போது, இலைகளிலே சமைக்கப்பட்ட சர்க்கரையைச் சுமந்துவரும் உரியக் குழாய்கள் திறந்துகொள்கின்றன. திறந்த குழாய்களைத் தாவரம் விரைவில் அடைத்துவிடும். அடைப்பு நிலைபெறுமுன் புதிய சீவல் விழுவதாலேயே சாறு இடையறாது வடிகின்றது. அச்சாற்றில் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு அளவிற் சுக்குரோசு என்னும் வெல்லமே நிறைந்திருக்கின்றது. முட்டியில் வடியும்போதே காற்றிலும் கலத்திலுமுள்ள மதுவங்கள் அவ்வெல்லத்தைப் பிளந்து மதுசாரமாக மாற்றத் தொடங்கும், பற்றீரியாக்களும் உடன் சேர்ந்து புளிப்பை உண்டாக்கும், இதுவே கள். முட்டியின் உட்புறத்தே சுண்ணாம்பு தடவிவிட்டால் சாறு காரத்தன்மை பெற்று, அந்நுண்ணுயிர்களின் வேலை தடைப்பட, இனிப்பு இனிப்பாகவே நின்று கருப்பநீராகின்றது. அதனைக் காய்ச்சினாற் பனங்கட்டி. சுண்ணாம்பின் இரசாயனத்தை ஏட்டில் எழுதியவர்கள் பிற்காலத்தவர். அதன் அளவை விரலாலே அறிந்து தடவியவர்கள் சீவல் தொழிலாளர்.

பனம்பழக் களியில் கரட்டினொயிட்டுகள் மிகுதி. அதனாலேயே அதற்கு அந்தச் செம்மஞ்சள் நிறம். அதன் கசப்புக்குக் காரணமான ஃபிளாபெலிஃபெரின் என்னும் பொருட்களை ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் யான்ஸ் குழுவினர் பிரித்தறிந்து ஆராய்ந்தனர். களியை வெயிலிற் பாய்களில் வார்த்து உலர்த்தினாற் பனாட்டு. கிழங்கைப் பச்சையாகக் கிழித்து உலர்த்தினால் ஒடியல். அவித்து உலர்த்தினாற் புழுக்கொடியல். மழைக்காலத்தில் தோன்றும் மிகுதியை வறண்ட மாதங்களுக்கு மாற்றிவைக்கும் களஞ்சிய முறை இதில் அடங்கியிருக்கின்றது. ஓலையும் உணவுக்குத் துணையே. வட பகுதிக் கமக்காரர் பனையோலையைத் தோட்டத்து மண்ணிலே தாழ்த்துவது பழைய வழக்கம். அது உக்கிச் சேதனப் பொருளாகி, நீரையும் போசணையையும் தாங்கும் ஆற்றலற்ற மணலுக்கு அந்த ஆற்றலைக் கொடுக்கின்றது. மரக்கறிப் பாத்திகளுக்குக் காற்றை மறைக்கும் வேலியாகவும் வடலிகள் நிற்கின்றன.

அண்ணல் காந்தியின் தூண்டுதலால் 1934 இல் வார்தாவிலே தோன்றிய அகில இந்திய கிராமக் கைத்தொழிற் சங்கத்தை நடத்திய தஞ்சாவூர்த் தமிழர் ஜே. சி. குமரப்பா, பனைவெல்லத்தைப் பற்றிச் சொன்ன நியாயம் மன்னாருக்கு மிகவும் பொருந்தும். கரும்பு நல்ல நிலத்தையும் மிகுந்த நீரையும் கேட்கின்றது. அந்த நிலம் தானியத்துக்கு உரியது. பனையோ தானியம் விளையாத தரிசில் தானே நின்று சர்க்கரை தருகின்றது. ஆதலால் சர்க்கரையை மரத்திலிருந்து பெற்று, நல்ல நிலத்தை உணவுக்கு விடுவதே விவேகம் என்பது அவர் வாதம். அருவி ஆற்றின் நீரைத் தேக்கம் அணையால் திருப்பிக் கட்டுக்கரைக் குளத்தில் நிரப்பி, முருங்கன், நானாட்டான் பக்கத்துக் கருங்களி வயல்களில் நெல் விளைவிக்கும் பெருநிலமும், ஒரு மணிநெல்லும் விளையாத மணலிற் சர்க்கரை விளைவிக்கும் தீவும், ஒரே மாவட்டத்தினுள் அவ்வாதத்துக்கு உதாரணமாக எதிரெதிரே அமைந்திருக்கின்றன.

குருத்தின் பகைவர்

பனைக்கும் தென்னைக்கும் பொதுவான பகைவருள் முதன்மையானது கருவண்டு. காண்டாமிருகம் போலத் தலையிற் கொம்புடைய இவ்வண்டு இரவிற் பறந்துவந்து, ஓலையடியைத் துளைத்துக் குருத்தினுட் புகுந்து சாற்றை உறிஞ்சுகின்றது. விரியாத ஓலையை அது வெட்டிவிடுவதால், பின்னர் அவ்வோலை விரியும்போது கத்தரியால் நறுக்கியதுபோல் முக்கோணத் துண்டுகள் காணாமற்போயிருக்கும். ஆனால் இந்த வண்டு பிறந்தது அந்த மரத்தில் அன்று. உக்கிய மரக்குற்றியிலும் சாணக் குவியலிலும் குப்பை மேட்டிலும் முட்டையிட்டு, அங்கேயே மாதக்கணக்கிற் குடம்பியாகப் பருத்த பிறகே அது சிறகு பெறுகின்றது. குப்பை ஒருவர் வளவில், குருத்து இன்னொருவர் வளவில். முன்னவர் தம் குற்றியைப் பிளந்து எரிக்காதவரை, பின்னவர் எத்தனை மருந்திட்டும் பயன் நிலைக்காது. கருவண்டு துளைத்த காயத்தின் வாசனையை நாடிச் செவ்வண்டு வருகின்றது. அதன் குடம்பிகள் தண்டினுள்ளேயே வாழ்ந்து அதனைக் குடைந்துவிடுவதால், நோய் வெளியே தெரியும்போது மரம் பெரும்பாலும் கைகடந்து போயிருக்கும்.

மூன்றாவது பகை, பங்கசு என நெடுங்காலம் கருதப்பட்ட ஒரு நுண்ணுயிர். அதன் சரித்திரம் நம் பொருளுக்கு நேரே உரியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டுக் கோதாவரிக் கழிமுகத்துப் பனைகள் குருத்தழுகிச் சாகத் தொடங்கின. இந்திய அரசின் பங்கசு நிபுணரான பட்லர் அதனை ஆராய்ந்து, நோய்க்குக் காரணமான பங்கசை 1907 இல் விவரித்துப் பெயரிட்டார். இன்று ஃபைட்டொப்தொரா பால்மிவோரா என வழங்கும் அது, தென்னை, கொக்கோ, இறப்பர் முதலிய பயிர்களையும் உலகெங்கும் வருத்துகின்றது. அது ஓலையடிகளைப் புறத்திருந்து தாக்கிப் படிப்படியாக உட்சென்று குருத்தை அடைகின்றது என்பதும், ஈரம் மிகுந்த காலத்தில் அதன் வித்திகள் பரவுகின்றன என்பதும் புலனாயின. அக்காலத்தில் அதற்குத் தக்க மருந்து எளிதிற் கைக்கு வரவில்லை. நோயுற்ற மரத்தின் உச்சியை வெட்டி இறக்கி எரித்துவிடுவதே உபாயமாகக் கொள்ளப்பட்டு, சென்னை அரசாங்கத்தார் ஊர் ஊராக ஆட்களை ஏவி ஆயிரக்கணக்கான மரங்களுக்கு அதைச் செய்வித்தனர். ஒருவரது பத்து மரங்களுள் ஒன்றை எரிக்காது விட்டால் அயலாரின் நூறு மரங்களும் ஆபத்துக்குள்ளாகும் என்ற நிலையில், தனி உடைமையின் உரிமை அங்கே ஊரின் நன்மைக்கு வழிவிட வேண்டியதாயிற்று.

பகைவரை எதிர்க்க இயற்கையையே துணைக்கழைக்கும் முறையும் உண்டு. 1963 இல் மலாயாவிலே ஹூகர் என்னும் ஜெர்மானிய அறிஞர் கருவண்டின் குடம்பிகளைக் கொல்லும் ஒரு வைரசைக் கண்டறிந்தார். 1967 இல் அது சமோவாத் தீவில் விடப்பட்டு, அங்குள்ள தென்னைகளுக்குப் பெரும் ஆறுதல் அளித்தது. இலங்கையிலும், 1970 இல் புதிதாக வந்து புகுந்து தென்னோலைகளைச் சுரண்டிய ஒரு வண்டினத்தை அடக்கச் சிங்கப்பூரிலிருந்து அதன் ஒட்டுண்ணிக் குளவி வருவிக்கப்பட்டு வெற்றி காணப்பட்டது. அண்மைக் காலத்தில் வட மாகாணத்துத் தென்னைகளை வருத்திவரும் வெண் ஈயின் விஷயத்திலும் இப்பாடம் பயன்படும். இந்தியாவில் முதன்முதலாக 2016 இல் பொள்ளாச்சிப் பக்கத்தில் காணப்பட்ட சுருள்வெண் ஈயை, அதனுள் முட்டையிட்டு வளரும் என்கார்சியா என்னும் நுண்குளவி பல இடங்களிலே கட்டுப்படுத்துகின்றது. கண்டபடி நஞ்சு தெளித்தால் ஈக்கு முன் சாவது அக்குளவிதான். தெளிக்காதிருப்பதும் ஒரு சிகிச்சையே எனினும், ஊரார் அனைவரும் ஒருங்கு உடன்பட்டால் ஒழிய அச்சிகிச்சை பலிக்காது.

சங்கம் என்னும் வைத்தியர்

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்கினால், கிணற்று நீர், வண்டு, பங்கசு, குளவி ஆகிய நான்கில் எதுவும் உறுதிப் பத்திரத்தில் எழுதிய எல்லையைப் பொருட்படுத்துவதில்லை என்பது தெளிவாகும். வளவுக்கு வளவு தனித்தனியே செய்யும் வைத்தியம் பயனற்றதாகின்றது. அரசாங்க உத்தியோகத்தரோ தொகையிற் சிலர். இலாபத்தை நாடும் வியாபாரிக்கு மருந்து விற்பதில் உள்ள அக்கறை குப்பைக் குற்றியை அகற்றுவதில் இருக்க நியாயமில்லை. இவ்விருவருக்கும் இடையே வெறுமையாகக் கிடக்கும் இடத்தை நிரப்புவதற்கே கிராமச் சங்கம் வேண்டும்.

அத்தகைய சங்கத்துக்கு முன்மாதிரிகள் உண்டு. 1921 முதல் தென் திருவிதாங்கூரின் மார்த்தாண்டத்திலே வை.எம்.சி.ஏ. சார்பில் ஸ்பென்சர் ஹாட்ச் நடத்திய கிராமப் புனருத்தாரண நிலையம், வறிய குடியானவருக்குத் தேனீ வளர்ப்பையும் முட்டை வாணிபத்தையும் கற்பித்து, அவர்களையே கூட்டுறவாக அமைத்துச் சந்தைப்படுத்தவும் செய்தது. பணத்தைக் காட்டிலும் அருகிருந்து சொல்லும் அறிவே பேருதவி என்பது அதன் கொள்கை. இலங்கையில் 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தோடு ஐக்கிய நாணய சங்கங்கள் வேரூன்றின. 1970களின் முற்பகுதியில், தவறணைக் குத்தகைக்காரரின் பிடியிலிருந்த சீவல் தொழிலாளரை விடுவிக்கும் நோக்கோடு, வடக்கிலே பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் எழுந்தன. 1978 இல் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. கைதடியிலே பனை ஆராய்ச்சி நிறுவகம் இயங்குகின்றது. மன்னார் மறைமாவட்டத்தின் சமூகப்பணி நிறுவனமான வாழ்வுதயம் போன்ற இலாபநோக்கற்ற தாபனங்களும் மாவட்டத்தின் ஏழை மக்களிடையே ஊழியம் செய்துவருகின்றன.

யுத்த காலம் இச்சங்கங்களை மட்டுமன்றி மரங்களையும் வாட்டிற்று. பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் பனங்குற்றிகள் போயின. 1990 ஒக்டோபரில் தீவின் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் முற்றாக வெளியேற்றப்பட்டபோதும், அதற்கு முன்னும் பின்னும் தமிழ்க் குடும்பங்கள் படகேறி அகதிகளாகச் சென்றபோதும், பார்ப்பார் இன்றி விடப்பட்ட வளவுகள் எத்தனையோ. ஆளில்லா வளவில் வீழ்ந்த தென்னங்குற்றியை அகற்றுவார் இல்லை. அக்குற்றியிற் பிறக்கும் வண்டு, ஆளுள்ள வளவுக்குத்தான் பறந்து போகும். மீண்டும் குடியேறியோர் எம்மதத்தினராயினும், மரங்களைப் பொறுத்தவரை ஒரே சங்கத்தின் அங்கத்தினராக இருந்தே தீரவேண்டும்.

அச்சங்கம் செய்யத்தக்க பணிகள் ஆரவாரமற்றவை. மழைக்கு முன்னே எருக்கும்பிகளைப் புரட்டிக் குடம்பிகளைப் பொறுக்குவதும், விழுந்த குற்றிகளைப் பிளந்து எரிப்பதும், கூட்டுச் சிரமதானமாகச் செய்ய வேண்டியவை. குறித்த சில கிணறுகளின் நீர்மட்டத்தையும் உவர்ப்பையும் மாதந்தோறும் அளந்து ஏட்டிற் பதிவது, பாடசாலை மாணவராலும் இயலுவது. வேர் அறுந்தாற் பிழைக்காத பனையை நாற்றாகப் பெயர்த்து நடுவது கடினமாகையால், நன்கு காய்க்கும் தாய்மரங்களின் கொட்டைகளைத் தேர்ந்து, ஐப்பசி ஈரத்தில் நேரே ஊன்ற வேண்டும். பெண்பனையை அனுமதியின்றி வெட்டலாகாது என்ற சட்டத்தை ஊரே நினைவில் வைத்திருக்கச் செய்வதும், ஒடியலுக்கும் பனங்கட்டிக்கும் நியாயமான விலை கிடைக்க வழிகோலுவதும் அவ்வாறே.

இவற்றினும் முதன்மையானது சீவல் தொழிலாளரைக் காப்பது. பனையின் உயிர்நிலை தரையிலிருந்து காண முடியாத உயரத்திலே இருக்கின்றது. பருவ காலத்தில் நாள் தவறாமல் அதன் பக்கத்தே சென்று, ஓலையடியின் புள்ளியையும் வண்டின் துளையையும் அழுகலின் முதல் நாற்றத்தையும் கண்டறியக்கூடியவர் ஏறிச் சீவுபவர் ஒருவரே. விழுந்தால் உயிருக்கே ஆபத்தான அத்தொழிலுக்கு உரிய மதிப்பையும் ஊதியத்தையும் காப்புறுதியையும் கொடுக்காது, அவர் மக்கள் வேறு தொழிலை நாடும்படி சமூகம் விட்டுவிட்டால், மரங்கள் வைத்தியரை இழந்தவையாகும். பனங்கட்டியின் விலையைச் சற்று உயர்த்திக் கொடுப்பதை நல்லுள்ளத்தின் தானமாக எண்ணுவோர் பலர். உண்மையில் அது குருத்தை நாள்தோறும் பார்வையிடுவதற்கு ஊரார் செலுத்தும் கட்டணம்.

இறுதியாக ஒரு கணக்கைச் சிந்திக்கலாம். இவ்வாண்டு ஊன்றிய கொட்டை பாளை விடுவதற்கு 12 முதல் 20 ஆண்டுகள் செல்லும். அதன்பின் மூன்று தலைமுறைகளுக்கு அது பயன் தரவல்லது. நாற்பது வயதில் ஊன்றியவர் அதன் பயனிற் சிறு பங்கையே காண்பார். தனி மனிதனின் வரவு செலவுக் கணக்கில் இம்முயற்சி நட்டமாகவே தோன்றும். அரசாங்கத்தின் ஐந்தாண்டுத் திட்டங்களிலும் அதற்கு இடம் கிடைப்பது அரிது. அங்கத்தினர் மாறினும் தான் மாறாது தொடரும் சங்கத்தின் பேரேட்டிலே மட்டும் அது இலாபமாக எழுதப்படக்கூடும். ஆகவே மன்னாரின் கிராமங்களிலே இத்தகைய சங்கமொன்றைத் தொடங்குவோர், முதலாண்டில் எத்தனை ஆயிரம் கொட்டை ஊன்றினோம் என்று அறிக்கை விடுவதைக் காட்டிலும், இருபதாம் ஆண்டில் அம்மரங்களின் உச்சியைப் பார்வையிடச் சங்கமும் ஏறுவதற்கு ஒருவரும் இருப்பதற்கான ஏற்பாட்டை முதலிற் செய்வார்களாக.